பூட்ஸில் ஒட்டிய பூங்கா

எலும்புப்பள்ளப் பூங்காவிலிருந்து குன்றிமணி அளவு மண்கூட வெளியே போகக் கூடாது என்பது சட்டம். ஏழரைக் கோடி வருஷத்துக்கு முன்னால் செத்த டைனோசர்களின் நிம்மதியைக் கருதி ஆல்பர்ட்டா மாகாண அரசு மேன்மையோடு செய்த ஏற்பாடு.

மழை பெய்தால் அந்த மண் பசையாகிவிடும் என்று சட்டத்துக்குத் தெரியாது. பண்ணைக்காரர் வெண்டலுக்குத் தெரியும். ஆனால் மகள் லாரிசாவின் கல்யாணத்தன்று காலையில் பார்த்தா அவர் பசு வேலி தாண்டிப் பூங்காவுக்குள் போகவேண்டும்? அவர் உள்ளே போய் அதைப் பிடித்துக்கொண்டு பூங்கா வாசலுக்கு வந்தபோது காலில் பூட்ஸைக் காணோம். இரண்டு மண்பானைதான் இருந்தது.

காவலர் பிரெஸ்டன் மறித்தார். "சார், பூங்கா உங்க கால்ல இருக்கு."

"தெரியுது தம்பி. நான்தானே சுமக்கிறேன்."

"எடுத்த இடத்துலயே வெச்சுட்டு வந்துடுங்க."

"மாட்டுக் கால்லயும்தான் இருக்கு!"

"மாடு சட்டம் படிக்கல சார். அது போகலாம்."

வெண்டல் திரும்பிப் போய் வழித்துப் போட்டுவிட்டு வந்தார். இப்போது பானை இன்னும் பெரிசு.

"பூட்ஸையே கழட்டிப் போட்டுட்டு வந்துடறேன்பா."

"பூங்காவுல குப்பை போடக் கூடாது சார்."

போன் அடித்தது. "அப்பா! எங்க இருக்கீங்க? என்னைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போக ஆளில்லாம சர்ச் வாசல்ல நிக்கிறேன். பாதிரியார் ரெண்டு தடவை இருமிட்டாரு."

"டைனோசர் விடமாட்டேங்குது கண்ணு."

"அதுதான் செத்துப்போச்சேப்பா!"

"ஆபீஸ் சாகலையே."

வண்டியில் வந்து இறங்கினார் பூங்காவின் தலைமை அதிகாரி மார்வா அம்மாள். வெண்டல் கண்கலங்கச் சொன்னதைக் கேட்டு, வானத்தைப் பார்த்து யோசித்தார்.

"மண்ணு பூங்காவ விட்டுப் போகக் கூடாது, அவ்வளவுதானே? இந்த மண்ணு படற இடமெல்லாம் பூங்கான்னு அறிவிச்சுட்டா?"

பிரெஸ்டன் சல்யூட் அடித்தார். வெண்டல் அந்த அம்மாளையும் கையோடு கல்யாணத்துக்கு அழைத்துப்போனார். சர்ச் பூங்காவானது. விருந்துக்கூடமும் ஆனது. பெண்ணைப் பெற்றவர் போட்ட ஆட்டத்தில் அந்த மண் எல்லார் செருப்பிலும் ஏறி, வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. "அதிகாரின்னா இப்படியில்ல இருக்கணும்!" என்று ஊரே மெச்சியது.

விடிந்ததும்தான் விளங்கியது, மண் போன வீடெல்லாம் இப்போது பூங்கா என்று. பூங்காவுக்குள் தீ மூட்டக் கூடாது. ஆகவே அடுப்பு கிடையாது. செடி பிடுங்கக் கூடாது. கொல்லையில் கேரட் பிடுங்கியவர் திருடர்.

ஊர் திரண்டு மார்வா வீட்டுக்குப் போனது. அவர் ஆறிய கெட்டிலும் கையுமாக வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.

"காப்பி போட அனுமதி கேட்டிருக்கீங்களா அம்மா?" என்றார் வெண்டல்.

"கேட்டேன்."

"யார்கிட்ட?"

"என்கிட்டத்தான். முடியாதுன்னுட்டேன்."