முன்னூற்றுப் பதினெட்டு கிலோ தூக்கம்

1979ஆம் ஆண்டு ஜனவரி பத்தாம் தேதி, புதன்கிழமை, காலை எட்டு மணி பத்து நிமிடம். ஜவ்வாது மலையில் பனி இன்னும் விலகவில்லை. பத்தடிக்கு அப்பால் நிற்பது ஆளா புளியமரமா என்று தெரியாத பனி. வாயைத் திறந்தால் புகை வந்தது. அந்த நேரத்தில், அந்தக் குளிரில், நல்ல ஆரோக்கியத்தோடு நின்றுகொண்டிருந்த (என்று நான் நம்பிய) ஓர் எருதுக்கு நான் தூக்க மருந்து புகட்டினேன்.

எதையும் எண்ணாமல் இருக்க என்னால் முடியாது. மாடி ஏறினால் படிகள், சாப்பிட்டால் இட்லிகள், கல்யாணத்துக்குப் போனால் காலி நாற்காலிகள். எழுபத்திரண்டு வயதில் இதை என் மருமகள் வியாதி என்கிறாள். இருபத்தாறு வயதில் நான் இதைத் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது நான் மலைமேல் கால்நடை ஆய்வாளர். டாக்டர் கீழே இருந்தார். செவ்வாய்க்கிழமை மட்டும் மலையேறி வருவார். மற்ற ஆறு நாட்களும் மாடுகளுக்கு நான்தான் கதி. சளி, கழிச்சல், சின்னப் புண் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது எனக்கு உத்தரவு. வேலை நிரந்தரமாக இன்னும் ஐந்து மாதம் இருந்தது. ஊர்க்காரர்கள் என்னை 'ஊசி சாரு' என்று கூப்பிட்டார்கள். எனக்கோ ஒருமுறையாவது யாராவது 'டாக்டர்' என்று கூப்பிட வேண்டும் என்று ஆசை. (அந்த ஒருமுறைக்கு என்ன விலை என்று அப்போது யாரும் சொல்லவில்லை.)

நெல்லிவாசல்நாட்டில் ஒரு குக்கிராமம். சடையன் என்பவரின் செவலை எருது, வேலியில் கொம்பை மாட்டிக்கொண்டு பாதியில் முறித்துக்கொண்டது. முறிந்த துண்டு தோலில் தொங்கியது. தொட்டால் உதைத்தது. அறுத்து எடுக்காவிட்டால் புழு வைக்கும். டாக்டர் முந்தின நாள்தான் வந்துபோயிருந்தார். "அடுத்த செவ்வாய் வரை வேப்பெண்ணெய் போடுங்கள்" என்று சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

"நானே பார்த்துக்கிறேன்" என்றேன்.

டாக்டர் என்னிடம் விட்டுவைத்திருந்த மருந்துப் பெட்டியில் குளோரல் ஹைட்ரேட் என்ற தூக்க மருந்து இருந்தது. கற்கண்டுபோல இருக்கும், தண்ணீரில் கரைத்துப் புகட்ட வேண்டும். மாட்டின் எடைக்குத் தக்க அளவு. மலையில் மாட்டை நிறுக்கத் தராசு ஏது? நெஞ்சுச் சுற்றளவையும் உடம்பின் நீளத்தையும் நாடாவால் அளந்து கணக்குப் போட்டால் எடை வந்துவிடும். மூச்சை இழுக்கும்போது ஓர் அளவு, விடும்போது ஓர் அளவு எடுத்து, இரண்டுக்கும் சராசரி பார்த்தேன். முன்னூற்றுப் பதினெட்டு கிலோ. அதற்குரிய மருந்தைக் கிராம் சுத்தமாக நிறுத்தேன். நாற்பத்தாறு ஆண்டுகளில் அந்தக் கணக்கை எத்தனையோ முறை போட்டுப் பார்த்துவிட்டேன். இன்றைக்கும் சரியாகத்தான் வருகிறது.

மூங்கில் குழாயில் ஊற்றிப் புகட்டினோம். சற்று நேரத்தில் செவலை தள்ளாடி, முன்னங்காலை மடக்கி, பெருமூச்சு விட்டுப் படுத்தது. கொம்பை அறுத்தேன், தார் தடவினேன், கட்டுப் போட்டேன். மாடு ஒரு காதைக்கூட அசைக்கவில்லை. கூட்டம் வாயைப் பிளந்தது. சடையனின் மனைவி குப்பாயி கையெடுத்துக் கும்பிட்டாள்.

"டாக்டருங்க, நீங்க நல்லா இருக்கணுங்க! மாடு எப்ப எயுந்துக்குங்க?"

டாக்டருங்க! எனக்குப் பனியெல்லாம் விலகி வெயில் அடித்ததுபோல இருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்து (அந்த ஊரில் இருந்த ஒரே கடிகாரம்) சொன்னேன்: "பத்து மணிக்கு எழுந்து நடக்கும்."

பத்து மணிக்குச் செவலை குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் முன்னே பின்னே ஆகும்" என்றேன்.

பத்தரைக்குக் கைதட்டிப் பார்த்தேன். பதினொன்றுக்கு வாலை முறுக்கினேன். கண்ணிமையைத் தொட்டால் இலேசாகத் துடித்தது, அவ்வளவுதான். மலையிறங்கும் பேருந்து பதினொன்றரைக்கு. விட்டால் மறுநாள்தான். "வேறு ஊரில் ஒரு கன்றுக்குட்டி பார்க்கணும்" என்று சொல்லிக்கொண்டே (அப்படி ஒரு கன்றுக்குட்டி உலகத்தில் இல்லை) மருந்துப் பெட்டியைத் தூக்கினேன். குப்பாயி அதை என் கையிலிருந்து மெதுவாக வாங்கினாள். கீழே வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"எங்க சாரு போற? இப்படிக் குந்து. மாடு எயுந்தா நீயும் எயுந்து போ."

'டாக்டருங்க' 'சாரு' ஆகி, 'நீங்க' 'நீ' ஆகியிருந்ததை நான் கவனித்தேன். எண்ணுகிறவனுக்கு இதெல்லாம் தப்பாது.

சடையன் மாட்டின் கழுத்தில் உண்ணி பிடுங்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்காமல், "மூணு வருசம் காட்டுக்குக் காடு புளி உலுக்கி இத வாங்குனேன் சாரு" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவருக்குப் பின்னால் களத்தில் சாமைப் போர் மிதிபடாமல் குவிந்து கிடந்தது. ஜோடி எருது மயிலை தனியாக நின்று கத்தியது. ஒற்றை மாட்டை வைத்து அவரால் போரையும் மிதிக்க முடியாது, அடுத்த மழைக்கு ஏரும் பூட்ட முடியாது. செவலை போனால் அந்த வீட்டுக்கு அந்த வருஷமே போனது.

பன்னிரண்டு மணிக்கு எனக்கு உண்மையான பயம் வந்தது. மாட்டின் இடது விலா மேடு தட்டத் தொடங்கியிருந்தது. மாடு பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தால் வயிற்றுக்காற்று வெளியேறாது. ஊதி, நெஞ்சை நெருக்கி, தூக்கத்திலேயே செத்துவிடும். "நிமிர்த்துங்க! நெஞ்சு தரையில படணும்!" என்று கத்தினேன். ஆறு பேர் சேர்ந்து நிமிர்த்தினார்கள். வலப்பக்கம் வைக்கோல் மூட்டை முட்டுக்கொடுத்தோம். இடப்பக்கத்துக்கு மூட்டை இல்லை. என் முதுகைக் கொடுத்தேன். அப்போது என் எடை நாற்பத்தேழு கிலோ. மாட்டின் தலை இடப்பக்கம் மடங்கி என் மடியில், எச்சில் என் வேட்டியில். கூட்டத்தில் ஒருவன் சொன்னான்:

"செவலைக்குப் பொங்கல் லீவு வுட்டுட்டாரு சாரு. தாலாட்டு மட்டுந்தான் பாக்கி."

எல்லாரும் சிரித்தார்கள். குப்பாயி சிரிக்கவில்லை.

அடுத்து வந்தார் மூப்பன், அந்த ஊர்ப் பெரியவர். கையில் ஒரு சட்டி. மிளகு, பூண்டு, இன்னும் என்னென்னவோ போட்டுக் காய்ச்சிய கஷாயம், ஆவி பறந்தது. "வாயத் தெறங்கடா. இத ஊத்துனா பொணங்கூட எயுந்து ஓடும்" என்றார். இரண்டு பேர் தாடையைப் பிடித்தார்கள்.

மயங்கிக் கிடக்கும் மாடு விழுங்காது. ஊற்றியது நேராக நுரையீரலுக்குப் போகும். நான் இரண்டு கையாலும் செவலையின் வாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அதன்மேல் கவிழ்ந்தேன்.

"ஊத்தாதீங்க! நெஞ்சுக்குள்ள போயிடும், மூச்சு முட்டிச் செத்துடும்!"

"ஏன், காலைல உன் மருந்த ஊத்தனப்ப அது எங்க போச்சு?"

"அப்ப மாடு முழிச்சிருந்துது!"

"அதத்தான் நாங்களும் கேக்கறோம். முழிச்சிருந்த மாட்ட இன்னா பண்ண நீ?"

நான் வாயை இன்னும் இறுக்கிப் பிடித்தேன் (மாட்டின் வாயை). மூப்பன் சட்டியைச் சாய்த்தே விட்டார். சூடான கஷாயம் என் பிடரியில் இறங்கியது. நான் விடவில்லை. அன்று நான் செய்த ஒரே சரியான காரியம் அதுதான். அதையும் ஒருவரும் கவனிக்கவில்லை. சடையன்தான் கடைசியில் "வுடு மூப்பா" என்றார்.

அதற்குப் பிறகு மணிக்கணக்கில் அந்தத் தலையை மடியில் வைத்திருந்தேன். நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணினேன். பத்து, ஒன்பது, பத்து, எட்டு. எட்டுக்குப் பிறகு ஏழு வருமோ என்று காத்திருந்த அந்த ஒரு நிமிஷத்தை இன்றைக்கும் சில நாள் கனவில் காண்கிறேன். ஒன்பது வந்தது.

இரண்டு மணி இருக்கும். தாடைக்கு அடியில் தாங்கியிருந்த என் உள்ளங்கைக்கு ஏதோ தட்டுப்பட்டது. பஞ்சுபோல மெத்தென்று ஒரு வீக்கம். விரலால் அழுத்தினால் குழி விழுந்து, அப்படியே நின்றது. கீழ் இமையைப் பிதுக்கிப் பார்த்தேன். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெள்ளைக் காகிதம்போல வெளுத்திருந்தது. மருந்து தரும் முன் முதலில் பார்க்க வேண்டிய இடங்கள் இவை. நான் நாடாவும் கையுமாகச் சராசரி எடுத்துக்கொண்டிருந்தேன்.

"இது எங்க மேயும்?" என்று கேட்டேன்.

"ஓடைச் சேத்துல. அங்கதான் பச்ச இருக்குது" என்றார் சடையன்.

சேற்றில் நத்தை, நத்தையிலிருந்து புல்லுக்கு ஏறும் தட்டைப்புழு. புழு குடியிருப்பது ஈரலில். மருந்து கொடுப்பது நம் வேலை. கொடுத்ததை உடைத்து வெளியே தள்ளுவது ஈரலின் வேலை. பயிற்சியில் இதைப் படித்து, பரீட்சையிலும் எழுதி, ஐம்பதுக்கு நாற்பத்தொரு மார்க் வாங்கியவன் நான். எடைக்கு ஏற்ற மருந்து, ஈரல் வேலை செய்யும் மாட்டுக்குத்தான் ஏற்ற மருந்து. அரித்துப்போன ஈரலுக்கு அது இரண்டு மூன்று மடங்கு மாதிரி. உடைக்க ஆளில்லாமல் இரத்தத்தில் சுற்றிச் சுற்றி வரும். மாடு தூங்கித் தூங்கிக் கிடக்கும்.

இதைக் குப்பாயிக்கு எப்படிச் சொல்வது? களத்தைக் காட்டினேன். "அந்தப் போர் ஏன் அப்படியே கெடக்குது?"

"மிதிக்க மாடு இல்ல."

"அதேதான். நான் கொடுத்த மருந்து இதோட ரத்தத்துல போர் மாதிரி குவிஞ்சு கெடக்குது. மிதிச்சுத் தூத்த வேண்டியது ஈரல். அதுல புழு வெச்சுப் படுத்துக்கிச்சு."

அவள் யோசித்தாள். "அப்ப அதுக்கு உள்ள ஈரலு படுத்துக்கிச்சு. எங்களுக்குக் களத்துல மாடு படுத்துக்கிச்சு. ரெண்டுக்கும் நீதான் காரணமா?"

"ஒண்ணுக்குத்தான்" என்றேன்.

"எதுக்கு?"

"களத்துக்கு."

"செத்துடுமா?" பெட்டிமேல் உட்கார்ந்திருந்தவளின் குரல் அப்போதுதான் முதன்முறையாக உடைந்தது.

"தெரியாதும்மா. கொஞ்ச கொஞ்சமாத்தான் மிதிக்கும். அது மிதிச்சு முடிக்கிற வரைக்கும் நாம மூச்சு நிக்காம பாத்துக்கணும். வேற வழி இல்ல."

அவள் எழுந்துபோய், வீட்டில் இருந்த ஒரே கம்பளியைக் கொண்டுவந்து மாட்டின்மேல் போர்த்தினாள். அரைமணிக்கு ஒருமுறை மாட்டைப் பக்கம் மாற்றினோம். விலாவைத் தேய்த்தோம். மூப்பனும் தேய்த்தார். யாரும் என்னைக் கேலி பேசவில்லை என்பதே எனக்குப் பயமாக இருந்தது. மூன்றரைக்குப் பதினொரு மூச்சு. நாலுக்குப் பதின்மூன்று. நாலேகாலுக்குச் செவலை ஒரு நீண்ட ஏப்பம் விட்டது. உலகத்தில் அவ்வளவு நாற்றமுள்ள நற்செய்தியை நான் முகர்ந்ததில்லை. விலா தணிந்தது. காது அசைந்தது. பிறகு, வெட்கமில்லாமல், ஒரு குடம் மூத்திரம் பெய்தது. களம் முழுக்க ஆரவாரம்.

நாலு ஐம்பதுக்கு அது எழ முயன்றது. மாடு எப்போதும் பின்பக்கத்தைத்தான் முதலில் தூக்கும் என்பதும், எழும் மாட்டின் அருகே ஆள் இருக்கக் கூடாது என்பதும் எனக்குத் தெரிந்த விஷயங்கள். ஆனால் ஐந்து மணி நேரம் மடக்கி வைத்திருந்த என் கால்கள் மரத்துப்போயிருந்தன. செவலை எழுந்தது, தள்ளாடியது, முன்னங்குளம்பை ஊன்ற இடம் தேடி, முன்னூற்றுப் பதினெட்டு கிலோவையும் என் இடது பாதத்தில் ஊன்றியது.

மாடு மயிலையை நோக்கி நடந்தது. நான் எழவில்லை.

"அய்யோ, டாக்டரத் தூக்குங்கடா!" என்று குப்பாயி கத்தினாள். பதவி திரும்பக் கிடைத்தது, அனுபவிக்கத்தான் முடியவில்லை. மூங்கில் கழியில் அதே கம்பளியைக் கட்டி, டோலியில் என்னைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்குப் போனார்கள். முன்கழியைச் சடையன் சுமந்தார். வழியில் எதிர்ப்பட்டவர்கள், "இன்னா ஆச்சு சாருக்கு?" என்று கேட்க, "மாட்டுக்கு வைத்தியம் பாத்தாரு" என்று ஒவ்வொருவருக்கும் பொறுமையாகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

செங்கத்துக்குப் புளி ஏற்றிப்போன லாரியில் கீழே இறங்கினேன். ஆஸ்பத்திரியில் மூன்று விரல் முறிந்திருப்பதாகச் சொல்லிக் கட்டுப் போட்டார்கள். வலிக்கு மாத்திரையும் தூங்க ஒரு மாத்திரையும் கொடுத்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

"முழுங்குங்க" என்றார் நர்ஸ்.

"என் ஈரல் எப்படி இருக்குன்னு பாத்தீங்களா?" என்றேன்.

அடுத்த செவ்வாய் எங்கள் டாக்டர் செவலையின் சாணியைச் சோதித்துத் தட்டைப்புழுவின் முட்டையைக் கண்டுபிடித்தார். ஈரல் தாங்காது என்று புழு மருந்தையும் குறைத்து, இரண்டு தவணையாகக் கொடுத்தார். தை முடிவதற்குள் சாமை மிதிபட்டது. எனக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கையும், ஆறு மாதம் தள்ளி நிரந்தரமும் கிடைத்தன.

அந்த ஈரல் கேள்வியை மட்டும் நான் இன்னும் நிறுத்தவில்லை. காய்ச்சல் மாத்திரையோ இருமல் மருந்தோ, முதலில் ஈரல் சோதனை; பிறகுதான் வாயைத் திறப்பேன். போன வருஷம் குடலிறக்க அறுவைக்கு முன், "இதுக்கு முந்தி மயக்க மருந்துல ஏதாவது பிரச்சினை வந்திருக்கா?" என்று மருத்துவர் கேட்டபோது, "எனக்கில்லை, ஒரு மாட்டுக்கு" என்றேன். அவர் என் மனைவியைப் பார்த்தார். "எழுதிக்குங்க டாக்டர், சொல்லாம விடமாட்டார்" என்றாள் அவள். எங்கள் வீட்டில் யாராவது விடிந்தும் தூங்கினால் பேரன்கள் தலைமாட்டில் நின்று நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு என்று உரக்க எண்ணுவார்கள். எட்டுக்குக் குறைந்தால் தாத்தாவைக் கூப்பிடுவார்களாம்.

கேலி செய்துகொள்ளட்டும். நாற்பத்தாறு ஆண்டுகளில் எனக்கு ஐம்பத்தொரு ஈரல் சோதனை ஆகியிருக்கிறது. ஐம்பத்தொன்றிலும் ஈரல் பழுதில்லை. ரசீதுகளை நேற்றுதான் கூட்டிப் பார்த்தேன். அந்த ஒரு 'டாக்டருங்க'வுக்கு விலை, போகவரச் செலவு நீங்கலாகப் பதினாறாயிரத்து இருநூற்று எண்பது ரூபாய்.