டயரின் இடது ஓரம்

கான்பெராவில் ஓர் அரசு ஊழியர் தன் பைக்கின் டயரை மாற்ற இரண்டு காரணங்கள் உண்டு. டயர் தேய்ந்துவிட்டது என்பது ஒன்று. டயர் போதுமான அளவு தேயவில்லை என்பது மற்றொன்று. ட்ரெவருக்கு இரண்டும் ஒரே டயரில் நேர்ந்துவிட்டன.

ட்ரெவர் எனக்கு எதிர்வீடு. ஒருங்கிணைப்புகளை ஒருங்கிணைக்கும் துறையில் பக்கத்து மேசையும்கூட. சிவப்பு ஸ்போர்ட்ஸ் பைக் வைத்திருந்தார். அது எவ்வளவு வேகம் போகும் என்பது அவருக்கு மனப்பாடம். அந்த வேகத்தில் அவர் போனதில்லை. வீட்டிலிருந்து ஆபீஸ்வரை ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போன்ற சாலை. அதனால் பின் டயர் நடுவில் மொட்டையாகி, இரண்டு ஓரங்களும் புது டயரில் முளைத்திருக்கும் மெல்லிய ரப்பர் முடியோடு, கடையிலிருந்து வந்த அன்றிருந்தபடியே இருந்தன. வளைவில் நன்றாகச் சாய்ந்து திரும்புகிறவனுக்குத்தான் ஓரம் தேயும். ஓரம் தேயாதவன் பயந்தாங்கொள்ளி என்பது எங்கள் ஊர் பைக்காரர்களின் தீர்ப்பு. அதற்கு மேல்முறையீடு கிடையாது.

வெறும் மானப் பிரச்சினையாக இருந்திருந்தால் ட்ரெவர் பொறுத்துக்கொண்டிருப்பார். ஆனால் துறையில் இயக்குநர் பதவி காலியாகியிருந்தது. அதைத் தரவேண்டியவர் ராட்னி. எங்கள் நாட்டில் மேலதிகாரியைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம். பயப்படுவதில் மட்டும் குறை வைப்பதில்லை. ராட்னிக்கு ஐம்பது வயதுக்கு மேல் ஸ்போர்ட்ஸ் பைக் பித்துப் பிடித்தது. பதவி உயர்வு வேண்டிய அத்தனை பேருக்கும் உடனே அதே பித்துப் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிக்கரைக் காபிக்கடையில் கூடுவோம். ராட்னி கையில் காபிக் கோப்பையோடு எங்கள் டயர்களைக் குனிந்து பார்த்துக்கொண்டே போவார்.

"டயரோட ஓரத்தைப் பயன்படுத்தாதவன், அதிகாரத்தோட ஓரத்தையும் பயன்படுத்த மாட்டான்" என்பார். இதற்கு என்ன அர்த்தம் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. தலையாட்டினோம்.

ஆகவே ட்ரெவர் டயர் கடைக்குப் போனார். கருத்துச் சொல்ல என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கடைக்காரர் ஸ்லாட்கோ நல்ல வியாபாரி. யாரையும் ஒரு தடவைக்கு மேல் எச்சரிக்க மாட்டார்.

"எங்க ஓட்டுவீங்க தலைவரே?"

"ஆபீசுக்கு."

"அப்ப சாதா டயர் போதும். மழையில பிடிக்கும், குளிர்ல பிடிக்கும், வருஷக்கணக்கா உழைக்கும்."

"ரேஸ் டயர் எப்படி?"

"அது சூடானாத்தான் பிடிக்கும். நம்ம ஊர்க் குளிர்ல எங்க சூடாகுறது? விலையும் அதிகம், ரெண்டே மாசத்துல தேஞ்சிரும்."

ட்ரெவரின் முகம் மலர்ந்தது. "அதைவிடச் சீக்கிரமா தேயறது ஏதாவது வச்சிருக்கீங்களா?"

ஸ்லாட்கோ இருப்பதிலேயே மிருதுவான டயரை எடுத்து மாட்டினார். புது டயர் வழுக்கும், ரெண்டு பக்கமும் மெதுவா சாய்ச்சுப் பழக்குங்க என்று மட்டும் சொன்னார். ட்ரெவரின் மனைவி நரெல் அதைப் பார்த்துவிட்டு, "காபி குடிக்கப் போறதுக்கு ரேஸ் டயர்னா, பால் வாங்கப் போறதுக்கு ஹெலிகாப்டர் வாங்கிரலாமா?" என்று கேட்டார். ட்ரெவர் அந்தக் கருத்தைக் கவனத்தில் கொண்டதாகத் தெரிவித்தார்.

அடுத்த கட்டம் செயலாக்கம். நேர்ச் சாலையில் ஓரம் தேயாது. மலைப்பாதையில் தேயும், ஆனால் மலைப்பாதை என்றால் ட்ரெவருக்குப் பயம். கான்பெராவை வடிவமைத்தவர்கள் இந்தச் சிக்கலை முன்கூட்டியே யோசித்திருக்கவேண்டும். ஊர் முழுக்க ரவுண்டானாவாகக் கட்டிவைத்திருக்கிறார்கள். எங்கள் தெருமுனை ரவுண்டானாவில் ட்ரெவர் விடியற்காலையில் நுழைந்தார். சுற்றினார். சுற்றிக்கொண்டே இருந்தார். ரவுண்டானாவுக்குள் இருப்பவருக்கு வெளியே இருப்பவர்கள் வழிவிடவேண்டும் என்பது சட்டம். நாங்கள் சட்டத்தை மதிக்கிற ஊர். நாலு சாலைகளிலும் கார்கள் வரிசையாக நின்றன. பாதி அரசாங்கம் அன்று ஆபீசுக்குத் தாமதமாக வந்தது. வேலையில் எந்த மாற்றமும் தெரியவில்லை.

இப்படியே தினமும் நடக்க, ஒரு நாள் போலீஸ்காரப் பெண் ஒருவர் கை காட்டி நிறுத்தினார்.

"எங்க போறீங்க?"

"ஆபீசுக்கு."

"எந்த ரோட்டுல திரும்பணும்?"

"இன்னும் முடிவு பண்ணலை."

அவர் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். ரவுண்டானாவை எத்தனை தடவை சுற்றலாம் என்று சட்டத்தில் எங்குமே இல்லை என்று வருத்தத்தோடு ஒப்புக்கொண்டு, ட்ரெவரைப் போகவிட்டு, தானும் வரிசையில் போய் நின்றார்.

பலன் கிடைத்தது. ட்ரெவர் டயரைக் காட்ட எங்களைக் கூப்பிட்டார். வலது ஓரம் கடைசி விளிம்புவரை அழகாகத் தேய்ந்திருந்தது. நரெல் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார்.

"நம்ம ஊர் ரவுண்டானாவில வலது பக்கமாத்தானே சுத்த முடியும்? இடது பக்கத்துல முடி அப்படியே இருக்கே."

ட்ரெவர் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து, ரவுண்டானாவை எதிர்த் திசையில் சுற்ற அனுமதி கோரிச் சாலை நிர்வாகத்துக்கு விண்ணப்பித்தார். ஊரே எதிர்த் திசையில் சுற்றுவதானால் பரிசீலிக்கலாம், பொதுமக்கள் கருத்தை அடுத்த குளிர்காலத்துக்குள் கேட்டுச் சொல்கிறோம் என்று பதில் வந்தது. நேர்காணலோ அடுத்த வாரம்.

ஞாயிற்றுக்கிழமை ட்ரெவர் ஒரு திட்டத்தோடு வந்தார். காபிக்கடையின் நீளச் சுவரை ஒட்டி வண்டியை நிறுத்தினால் இடது பக்கம் சுவருக்குத்தான் தெரியும். வந்து பார்த்தால் சுவரோரம் இடமில்லை. எங்கள் எல்லோருடைய வண்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாக, இடது பக்கத்தைச் சுவரோடு ஒட்டவைத்து நின்றன. முதல் வண்டி ராட்னியுடையது. எங்கள் ஊரில் ரவுண்டானா ஒன்று மட்டுமா இருக்கிறது?

பாவம், ட்ரெவர் வெட்டவெளியில் நிறுத்தவேண்டியதாயிற்று. ராட்னி குனிந்தார். இடது ஓரத்தில் ரப்பர் முடி காற்றில் ஆடியது. நாங்கள் ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"ஒரு பக்கம்தான் தேஞ்சிருக்கு, ட்ரெவர்."

"இன்னொரு பக்கம் பரிசீலனையில இருக்கு, ராட்னி."

"மலைக்குப் போவோம். நீ முன்னால போ."

வேண்டாம் என்று ட்ரெவர் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் பதவி போயிருக்கும். நானாவது சொல்லியிருக்கலாம். போனோம். மலைப்பாதையின் முதல் இடது வளைவில், அதுவரை தரையையே பார்த்திராத அந்த வழவழப்பான ஓரம், குளிரில் உறைந்த சாலையைத் தொட்டது. ட்ரெவர் ஒரு பக்கமும் வண்டி ஒரு பக்கமுமாகச் சறுக்கிப் பள்ளத்தில் விழுந்தார்கள்.

நான் ஆம்புலன்சுக்கு ஃபோன் செய்தேன். ராட்னி இறங்கி, இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு முனகிக் கிடந்த ட்ரெவரைத் தாண்டிப்போய், டயரருகே குனிந்தார். சறுக்கியதில் ரப்பர் முடி போய், இடது ஓரமும் நன்றாகவே தேய்ந்திருந்தது.

"முழுசா பயன்படுத்திட்டான்" என்றார், கண்கலங்க.

மாவுக்கட்டு காய்வதற்குள் நியமன உத்தரவு வந்துவிட்டது. மணிக்கட்டு இனி மடங்காது, கிளட்ச் பிடிக்க முடியாது, பைக் ஓட்டவே முடியாது என்று டாக்டர் சொன்னார். நரெல் அழுதார். ட்ரெவர் டயர் பத்திரமாக இருக்கிறதா என்று கேட்டார். இப்போது அவர் பஸ்ஸில் ஆபீஸ் வருகிறார். அவருடைய அறைச் சுவரில் அந்த டயர் தொங்குகிறது, இடது ஓரம் வருகிறவர்களுக்குத் தெரியும்படி.

போன வாரம் துணை இயக்குநர் பதவி காலியானது. திங்கட்கிழமை துறையில் மூன்று பேர் இடது கையில் கட்டோடு வந்தார்கள். மருந்துக்கடையில் கட்டுத்துணி தீர்ந்துவிட்டதாம். எனக்குக் கடைசித் துண்டுதான் கிடைத்தது. சாயங்காலம் வீட்டு வாசலில் நரெல் என்னைப் பார்த்தார்.

"கையில என்ன?"

"இன்னும் ஒண்ணும் ஆகலை" என்றேன். "ஞாயித்துக்கிழமை மலைக்குப் போறோம்."