ஜீரக டப்பாவில் ஜீரகம்

எனக்குப் பொறாமை என்பதே கிடையாது. எதிர்வீட்டுப் பல் டாக்டரைப் பார்த்தால் வயிறு எரியும், அவ்வளவுதான்.

மனிதர் என்னைவிட உயரம். தலையில் முடி இருக்கிறது. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது, அவரைப் பற்றிப் பேசும்போது என் மனைவியின் குரலில் வருகிற குழைவு. கல்யாணமான நாளிலிருந்து என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை அவள் சொல்லி நான் கேட்டதில்லை. சொல்லியிருந்தால் நான் வீட்டில் இல்லாத நேரமாக இருக்கும்.

அன்று எதிர்வீட்டுக்குப் பாத்திரம் திருப்பிக் கொடுக்கப் போனவள் பெருமூச்சோடு திரும்பி வந்தாள்.

"டாக்டர் வீட்டு சமையலறைய ஒரு தடவ போய்ப் பாருங்க."

"ஏன், யார் பல்லாவது விழுந்து கிடக்கா?"

"எல்லா டப்பாலயும் லேபிள். புத்தகத்துல அச்சடிச்ச மாதிரி. டாக்டரே மெஷின் வாங்கி, டாக்டரே ஒட்டினாராம். ஜீரகம்னு போட்டிருந்த டப்பாவத் திறந்து பாத்தேன். உள்ள ஜீரகமே இருந்துது."

"நம்ம வீட்லயும்தான் ஜீரகம் இருக்கு."

"இருக்கு. பிஸ்கட் டப்பால. பிஸ்கட் ஊசி நூல் டப்பால இருக்கு."

"ஊசி நூல்?"

"அதத்தான் போன வருஷத்துலேர்ந்து தேடறேன். ம்ஹும். கொடுத்து வச்சவங்க எதிர்வீட்டு அக்கா."

அந்த 'ம்ஹும்' நேராக என் நெஞ்சில் வந்து குத்தியது.

நான் டயர் கிடங்கில் மேற்பார்வையாளர். கண்ணைக் கட்டி உள்ளே விட்டாலும் எந்த டயர் எந்த அடுக்கில் இருக்கிறது என்று தடவிப் பார்த்தே சொல்வேன். ஆனால் என் வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளாமல் கவனமாகப் பார்த்துக்கொண்டேன் என்று சொல்வதுதான் சரி. "இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, நீங்கதான் சமைங்களேன்" என்பாள். "அதுக்கென்ன, அரிசி எங்க?" என்பேன். சொல்வாள். "பருப்பு எங்க? உப்பு எங்க? அடுப்பு எங்க?" அடுப்பு வரை வந்ததும் தலையில் அடித்துக்கொண்டு, "நீங்க வெளிய போங்க, நானே பாத்துக்கறேன்" என்பாள். நான் போய் சோபாவில் சாய்ந்துவிடுவேன். என் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் முழுவதும் இந்த அறியாமையை நம்பித்தான் நடந்துவந்தது.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள். மறுநாளே போய் மெஷின் வாங்கிவிட்டேன். டாக்டருடையதைவிட ஒரு பொத்தான் அதிகமாக உள்ளதாகக் கேட்டு வாங்கினேன். அந்தப் பொத்தான் எதற்கு என்று கடைக்காரருக்கும் தெரியவில்லை. உள்ளங்கை அளவுதான். எழுத்துகளை அழுத்தி, பச்சைப் பொத்தானைத் தட்டினால் கிர்ர் என்று நாக்கை நீட்டும். அந்த நாக்கை வெட்டி, பின்தாளை உரித்து, ஒட்டவேண்டியதுதான்.

மனைவி மெஷினைப் பார்த்தாள். கேட்காமலே டீ கொண்டுவந்து வைத்தாள். அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

"எத எங்க வைக்கணும்னு நீங்களே முடிவு பண்ணுங்க. உங்களுக்குத்தான கிடங்கு அனுபவம்."

முடிவு பண்ணினேன். டப்பாக்களை இறக்கினேன், கழுவினேன், துடைத்தேன், அடுக்கினேன். அரிசி, பருப்பு, கடுகு, மிளகு, சர்க்கரை. கிர்ர், கிர்ர். காணாமல்போன ஊசி நூல் மிளகாய்த்தூளுக்குள் கிடைத்தது. டாக்டர் டப்பாவோடு நின்றிருப்பார், நான் நிற்பேனா? கரண்டிகளுக்கு ஒட்டினேன். சுவிட்சுகளுக்கு ஒட்டினேன். 'குடை, கம்பி போனது' என்று குடைக்கு ஒட்டினேன்.

மனைவி கதவில் சாய்ந்து நின்று பார்த்தாள். முகத்தில் பாராட்டு மாதிரி ஏதோ ஒன்று எட்டிப் பார்த்தது.

"எப்படி இருக்கு?" என்றேன்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா டாக்டர் வீட்ல துணி துவைக்கிற மெஷின்ல எவ்வளவு பவுடர் போடணும்னுகூட எழுதியிருக்கு."

"எவ்வளவு போடணும்?"

"ரெண்டு ஸ்பூன். வெள்ளைத் துணி தனியா."

கிர்ர். 'பவுடர் இரண்டு ஸ்பூன். வெள்ளை தனி.'

"குக்கர்ல?" என்று நானே கேட்டேன். பொறாமை வந்தால் மனிதனுக்கு எவ்வளவு சுறுசுறுப்பு வருகிறது பாருங்கள்.

"டாக்டர் அவ்வளவு தூரம் போயிருக்க மாட்டார். பாவம், அவருக்கு அந்தத் திறமை கிடையாது."

அவருக்குக் கிடையாதாம். அப்படியென்றால் எனக்கு உண்டு. அவள் சொல்லச் சொல்ல அடித்தேன். 'அரிசி ஒன்று, தண்ணீர் இரண்டு, விசில் மூன்று.' 'கடுகு வெடித்தபின் வெங்காயம்.' 'பாத்திரம் தேய்த்தபின் சிங்க்கையும் தேய்க்கவும்.' அடுப்புத் திருகில் 'இடப்பக்கம் திருப்பவும்' என்று ஒட்டிவிட்டு, இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தேன். என் கண்ணே பட்டுவிடும் போலிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் டாக்டரை வீட்டுக்குக் கூப்பிட்டேன். அவர் வயிறு எரிவதை நேரில் பார்க்கவேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு கெட்ட எண்ணம் இல்லை.

வந்தார். ஒவ்வொரு டப்பாவாகப் படித்தார். முகம் வாடியது. எனக்குக் குளுகுளு என்று இருந்தது. குக்கர் முன்னால் வந்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"சார், விசில்கூடப் போட்டுட்டீங்களா?"

"போட்டுட்டேன் டாக்டர்."

"உங்க கையாலயே?"

"என் கையாலயேதான்."

அவர் என் தோளில் கை வைத்தார். பல்லைப் பிடுங்குவதற்கு முன்னால் அப்படித்தான் வைப்பார் போலிருக்கிறது.

"நான் துணி மெஷினோட நிறுத்திட்டேன் சார். அதுக்கே நான் படற பாடு எனக்குத்தான் தெரியும். எல்லாம் உங்களாலதான்."

"என்னாலயா?"

"என் சம்சாரம் சொன்னா. 'எதிர்வீட்டுக்காரர் கிடங்குல இருக்கறவர், வீட்டையும் கண்ணாடி மாதிரி வச்சிருக்கார், ஒவ்வொரு டப்பாலயும் லேபிள் ஒட்டியிருக்கார், நீங்களும் இருக்கீங்களே'ன்னு. ரோஷம் வந்து மெஷின் வாங்கிட்டேன்."

"எப்ப சொன்னாங்க?"

"போன மாசம்."

போன மாதம் எங்கள் வீட்டில் ஊசி மிளகாய்த்தூளில் இருந்தது. மெஷின் கடையில் இருந்தது. நான் சோபாவில் இருந்தேன்.

டாக்டர் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். பெரிதாக ஒரு மூச்சு விட்டு, "வரேன் சார், வெள்ளைத் துணி ஊறிட்டிருக்கு" என்று கிளம்பிவிட்டார்.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். நான் அதற்கு லேபிளும் ஒட்டியிருக்கிறேன்.

உள்ளறையிலிருந்து மனைவி வந்தாள். நல்ல புடவை. கையில் பை. வாசலில் எதிர்வீட்டு அக்கா செருப்பு மாட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"ஏங்க, நானும் அக்காவும் வெளிய போறோம். வர சாயங்காலம் ஆகும். நீங்க சமைச்சு சாப்பிட்டு, எனக்கும் ராத்திரிக்கு எடுத்து வச்சிருங்க."

எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளைக் காப்பாற்றிய ஆயுதத்தைக் கையில் எடுத்தேன்.

"அதுக்கென்ன, அரிசி எங்..."

எதிரே அலமாரியில் 'அரிசி' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அதன் பக்கத்தில் 'பருப்பு'. வாயை மூடிக்கொண்டேன். சற்று யோசித்து வேறு பக்கமாக வந்தேன்.

"எனக்குச் சமைக்கத் தெரியாதே."

"தெரிய வேணாம். படிக்கத் தெரியுமில்ல?"

படிக்காமலே இருந்திருக்கலாம் என்று வாழ்க்கையில் முதல் தடவையாகத் தோன்றியது. அவள் மேஜையிலிருந்து என் மெஷினை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"அத எங்க கொண்டு போற?"

"அக்காவோட தங்கச்சி வீட்டுக்கு. அவ வீட்டுக்காரருக்கு வீட்ல எது எங்க இருக்குன்னே தெரியாதாம், பாவம். அதான் நேர்ல போய், உங்களப் பத்தி அவர்கிட்ட ரெண்டு நல்ல வார்த்தை சொல்லிட்டு வரலாம்னு."