போண்டாவுக்குப் பத்தியம்

சிறுசேரியில் நான் வேலை பார்த்த நாட்களில், ஒருவரைக்கூட அரை வயிற்றோடு வெளியே விடாதவர் எங்கள் மெஸ்காரர். கை கழுவ எழுந்தாலும் தோளை அமுக்கி உட்கார வைத்து இன்னொரு கரண்டி சோறு போடுவார். "இன்னா சார், கோழி கொத்துற மாரி துன்ற? இப்டி துன்னா கம்ப்யூட்டர எப்டி தட்டுவ?" எங்கள் டீம் லீடரே ஒருமுறை பின்வாசல் வழியாகத் தப்பி ஓடினார்.

அந்தக் கையில் ஒரு பக் நாய் சிக்கியது. வெளிநாடு போன தம்பதி ஒன்று விட்டுச்சென்றது. சப்பை மூஞ்சி, பிதுங்கிய கண்கள். அவர்கள் வைத்த பெயர் பெல்லா. மெஸ்காரர் ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு, "போண்டா" என்றார்.

காலையில் நெய்ப்பொங்கல், மதியம் தயிர்சாதம், சாயங்காலம் வடை. நான்கே மாதத்தில் போண்டா பெயருக்கேற்ற உருவம் பெற்றது. ஒரு மதியம் அவசரமாகத் தின்றுவிட்டு, மூச்சு திணறிச் சாய்ந்தது. மெஸ்காரர் சாம்பார் வாளியை அப்படியே போட்டுவிட்டு, நாயைத் தூக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் பாய்ந்தார். கூடவே நானும் ஏறினேன். திருப்போரூர் போகும்வரை, "போண்டாம்மா, கண்ண மூடாதடி" என்று அழுதுகொண்டே வந்தார்.

கால்நடை டாக்டர் நாயைப் பிழைக்க வைத்துவிட்டு இவரைப் பிடித்துக்கொண்டார். "ஏங்க, இந்தச் சாதிக்கு மூக்கே கிடையாது. மூச்சு விடறதே பெரும்பாடு. இதுல கொழுப்ப வேற ஏத்திட்டீங்க. இனிமே நாய்த்தீனிதான், அதுவும் அளந்து. மெதுவா தின்ன வைங்க."

"மெதுவா துன்னுன்னா அது கேக்குமா டாக்டர்?"

"அது உங்க பாடு."

மறுநாளே வழி கண்டுபிடித்துவிட்டார். இட்லித் தட்டு! குழிக்கு நாலைந்து நாய்த்தீனி உருண்டை. ஒவ்வொரு குழியாக நக்கி முடிக்க போண்டாவுக்குக் கால் மணி நேரம் ஆனது. சுவரில் பலகையும் ஏறியது: 'போண்டாவுக்குப் போண்டா போடாதீர்.' மேஜைக்கடியில் அப்பளம் நழுவவிட்ட ஒருவரை, "எய்ந்திரு நைனா!" என்று பாதிச் சாப்பாட்டிலேயே கிளப்பிவிட்டார்.

போண்டா இளைத்தது, மூச்சும் சீரானது. ஆனால் மெஸ்காரரின் கன்னமும் ஒட்டிப்போனது. ஏன் என்று புரியாமலிருந்தேன். ஒருநாள் தண்ணீர் எடுக்கச் சமையற்கட்டுக்குள் போனால், கதவைச் சாத்திக்கொண்டு, சிலிண்டர்களுக்குப் பின்னால் நின்றபடி அவசர அவசரமாக விழுங்கிக்கொண்டிருந்தார்.

"இன்னாண்ணாத்த, திருடன் மாதிரி?"

"கத்தாத சார். அது மூஞ்சியப் பாத்துகினு துன்னா எனுக்குச் சோறு எறங்கல."

வெளியே போண்டா கதவைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. நான் ஓசைப்படாமல் போய் என் தட்டை எடுத்து வந்து, அவர் பக்கத்திலேயே நின்று சாப்பிட ஆரம்பித்தேன்.