ஏழரை அடிக் குழாயும் எட்டு முட்டையும்

ஒரு காட்டில், ஆலமரத்தடியில், அன்று இருந்தவர்கள் பின்வருமாறு: கௌதாரி ஒன்று, வயரிங் வேலை பார்க்கும் முள்ளம்பன்றி ஒன்று, வேலையில்லாத குரங்கு ஒன்று, மின் ஆய்வாளர் உடும்பார் ஒருவர், மரப்பெட்டிக்குள் முட்டைகள் எட்டு. முட்டைகளையும் ஆளாகச் சேர்த்தால் பன்னிரண்டு. சேர்க்காவிட்டால் நான்கு. கௌதாரி சேர்த்துத்தான் எண்ணினாள்.

அடைமழைக் காலம். இரை தேட அவள் எழுந்தால் முட்டைகள் குளிர்ந்துவிடும். எழாவிட்டால் வயிறு காயும். அதனால் பெட்டிக்குள் ஒரு குண்டு பல்பு மாட்டச் சொல்லியிருந்தாள். முள்ளம்பன்றியும் மூங்கில் புதரில் இருந்த மின்பெட்டியிலிருந்து வளையும் குழாய் ஒன்றை இழுத்து, அதற்குள் ஒயரை விட்டு, வேலையை ஒழுங்காகவே முடித்திருந்தது. ஆய்வாளர் சரி என்றால் சுவிட்சைப் போடலாம்.

உடும்பார் டேப்பை விரித்து அளந்தார். மறுமுனையிலிருந்து இன்னொரு முறை அளந்தார். குழாய் மாறவில்லை.

"ஏழரை அடி. வளையுற குழாய் ஆறு அடிக்கு மேல கூடாது."

"நடுவுல ஆலம்வேர் வளைஞ்சு வளைஞ்சு போகுதுங்க ஐயா. கெட்டிக் குழாய் படியாது," என்றது முள்ளம்பன்றி.

"அப்போ முட்டைப் பெட்டியை இந்தப் பக்கம் தள்ளு."

"இந்தப் பக்கம் தண்ணி நிக்குதுங்க."

"தண்ணி என் துறை இல்லை."

கௌதாரி பெட்டிக்குள்ளிருந்து தலையை நீட்டினாள். "ஐயா, விதிவிலக்கு ஏதும் இல்லீங்களா?"

"இருக்கு. அதிர்ற எந்திரமா இருந்தா ஒன்பது அடி வரைக்கும் போகலாம். மாவு மில்லு, தண்ணி மோட்டாரு, அந்த மாதிரி."

குரங்கு கிளையிலிருந்து குதித்தது. "அவ்வளவுதானே! பெட்டியைப் பிடிச்சு நான் ஆட்டுறேன், நீங்க எழுதிக்குங்க."

"தொட்டுப் பாரு, கண்ணைக் கொத்திடுவேன். ஆட்டுனா முட்டை கலங்கிப் போயிடும்டா."

"உதவி பண்ண வந்தா இப்படித்தான் அக்கா."

"யாரும் ஆட்டக் கூடாது. தானா அதிரணும்," என்றார் உடும்பார். "அதிருதான்னு நானே இருந்து பார்க்கிறேன்."

சொல்லிவிட்டுப் பெட்டியின் மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டார்.

உடும்புக்கு முட்டை என்றால் உயிர் என்பது காட்டுக்கே தெரியும். ஆனால் பணியில் இருப்பவரிடம் அதைப் பேச முடியுமா? கௌதாரி பெட்டியை விட்டு எழாமல் உட்கார்ந்தாள், அவ்வளவுதான்.

மழை விட்டது, பிடித்தது, மறுபடியும் விட்டது. ஆய்வு நடந்துகொண்டே இருந்தது. முள்ளம்பன்றி மனது கேட்காமல் தினமும் கொஞ்சம் கறையான் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தது. அவள் இளைத்துப்போனாள்.

"ஐயாவுக்குச் சாப்பாடு?" என்று கேட்டது குரங்கு.

"ஆய்வு நேரத்துல சாப்பிடுறதில்லை," என்றார் உடும்பார், பெட்டியைப் பார்த்தபடியே.

ஒரு நாள் காலையில் பெட்டிக்குள் டக் டக் என்று சத்தம். உடும்பாரின் தாடை நடுங்கியது.

"அதிருது! யாரும் தொடலையே?"

"தொடலைங்க," என்றது குரங்கு. அது வாழ்நாளில் சொன்ன முதல் உண்மை.

விலக்கு ஆணையை மூன்று பிரதி எழுத வேண்டும். உடும்பார் எழுத உட்கார்ந்தார். முதல் பிரதி முடிந்ததும் முள்ளம்பன்றி சுவிட்சைப் போட்டது, பல்பு எரிந்தது. இரண்டாவது பிரதிக்குள் ஏழு குஞ்சுகள் ஓட்டை உடைத்து வெளியே வந்து, ஈரம் காய்ந்து எழுந்து நின்றன. எட்டாவது முட்டையில் கௌதாரி காதை வைத்துப் பார்த்தாள். சத்தமில்லை. இன்னொரு முறை வைத்துப் பார்த்தாள். மூன்றாவது பிரதியில் கையெழுத்து விழுவதற்குள் ஏழையும் கூட்டிக்கொண்டு புல்லுக்குள் மறைந்துவிட்டாள்.

உடும்பார் நிமிர்ந்து பெட்டியைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"அதிர்வு இல்லை. விலக்கு ரத்து. ஒன்றரை அடியை வெட்டு."

முள்ளம்பன்றி வெட்டி, ஒயரையும் பல்பையும் மறுபடி பொருத்தியது. பெட்டியில் கிடந்த அசையாத பொருள் ஒன்றை மேலாய்வுக்காக உடும்பார் விழுங்கிக்கொண்டு கிளம்பினார். குழாய் இப்போது சரியாக ஆறு அடி. பல்பு, பெட்டிக்கு ஒன்றரை அடி தள்ளி, தேங்கிய தண்ணீருக்கு மேல், சட்டப்படி எரிந்துகொண்டிருக்கிறது.

நீதி: அலுவலகத்தில் காரியம் தாமதமானால் கோபப்படாதீர்கள். அதுவும் அடைகாப்புதான், எட்டுக்கு ஏழு பொரிக்கும்.

மீதி: குழாய், ஒன்றரை அடி.