இணையம் இல்லாத சர்வரும் அரை மணி நேர வேலையும்

பெருமதிப்புக்குரிய மாமா அவர்களுக்கு,

மாப்பிள்ளை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே உங்கள் மகளும் பேத்தியும் சௌக்கியம். என்னைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். போனில் பேசினால் குரலே காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் கடிதம்.

உங்கள் சிநேகிதி, ரத்தப் பரிசோதனைக் கூடத்து டாக்டரம்மா, உங்கள் பேச்சை நம்பித்தான் என்னைக் கூப்பிட்டார். கம்ப்யூட்டரில் நான் புலி என்று சொல்லி வைத்திருப்பீர்கள். அவர்களுடைய சர்வரில் நோயாளிகளின் விவரம் இருப்பதால் இணையத் தொடர்பே கிடையாது. பரிசோதனை முடிவுகளைப் படமாக வரைய ஒரு பைத்தான் மாட்யூலை, அதாவது யாரோ புண்ணியவான் எழுதி வைத்த ஆயத்த நிரலை, அதில் ஏற்ற வேண்டும். அவ்வளவுதான். "அரை மணி நேர வேலை மேடம்" என்று வாய் கூசாமல் சொன்னேன்.

வீட்டில் இணையத்திலிருந்து இறக்கிப் பென்டிரைவில் கொண்டுபோனேன். வாசல் காவலாளி அதை வாங்கி, வைரஸ் சோதனை செய்து, நோட்டில் கையெழுத்து வாங்கித்தான் உள்ளே விட்டார். சர்வரில் போட்டால், இன்னொரு மாட்யூல் இருந்தால்தான் ஏறுவேன் என்றது. ஓடிப்போய் அதைக் கொண்டுவந்தால் அது வேறொன்றைக் கேட்டது. விருந்துக்கு ஒருவரைக் கூப்பிட்டால் அவர் அண்ணனையும், அண்ணன் தன் மச்சினனையும் கூட்டிவருவாரே (உங்கள் வீட்டைச் சொல்லவில்லை மாமா), அந்தக் கதைதான். எட்டாவது நடையில் காவலாளி கேட்டார்: "ஏன் சார், வேணுங்கறதை எல்லாம் மொத்தமா ஒரே தடவைல எடுத்துட்டு வர முடியாதா?"

முடியும் மாமா. அதற்கென்றே ஒரு கட்டளை இருக்கிறது. எனக்குத்தான் உறைக்கவில்லை. முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து மொத்தமாக இறக்கி, என் கம்ப்யூட்டரிலேயே ஓட்டியும் பார்த்தேன். எல்லாம் சரி என்றது. ஆனால் என் கம்ப்யூட்டரை இயக்குவது விண்டோஸ், அவர்களுடையதை இயக்குவது லினக்ஸ். நான் கொண்டுபோன முக்கியமான மாட்யூல் விண்டோஸுக்கென்று செய்தது, லினக்ஸில் ஏறாது என்பது சர்வர் முன்னால் போய் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. டாக்டரம்மா எட்டிப் பார்த்து, "அரை மணி ஆயிடுச்சா தம்பி?" என்றார். அது மூன்றாம் நாள்.

உங்கள் நாற்பது வருஷ சிநேகிதத்தில் நான் மண்ணைப் போட்டுவிட்டேன். வெட்கமாக இருக்கிறது மாமா, உங்கள் சொல்லைக் காப்பாற்ற முடியவில்லையே என்று. வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடுங்கள். இனி அந்தத் தெருப்பக்கமே தலைகாட்ட மாட்டேன்.

அத்தைக்கு என் வணக்கங்கள். அவர்களிடம் இதைச் சொல்ல வேண்டாம்.

தலைகுனிந்த,
உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது டாக்டரம்மாவே போன் செய்தார். மாமாவின் மானத்தை வாங்கிவிட்டேன், மன்னியுங்கள் என்றேன். சிரிக்கிறார். "உங்க மாமா என்கிட்ட வேற மாதிரில்ல சொன்னார்? 'மாப்பிள்ளைக்குப் பெருசா ஒண்ணும் தெரியாது. ஆனா எத்தனை தடவை அலைய விட்டாலும் பாதியில விட்டுட்டுப் போகமாட்டார்'னு. அதுக்காகத்தான் உங்களைக் கூப்பிட்டேன்." நாளைக் காலை மறுபடியும் போகிறேன். முதல் வாக்கியத்துக்காக உங்கள்மேல் கோபம்தான் மாமா. இரண்டாவது வாக்கியத்துக்காகத்தான் போகிறேன்.