மாத்ருபூதத்தின் பூட்டு

"உன் சர்வர் சிவப்பு எழுத்துல என்னமோ சொல்லுது மாத்ரு. 'இது பாதுகாப்பான இடமில்ல, உள்ள போகாதே'ங்குது," என்றார் போனில் தாஹா.

மாத்ருபூதத்துக்குக் காலைக் காபி கசந்தது. டெலிபோன் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உறையூர் வீட்டு மாடியறையில் ஒரு பழைய கம்ப்யூட்டரை மெயில் சர்வராக்கி, பாலிடெக்னிக்கில் கூடப் படித்த தாஹா, மார்ட்டின், பாலு, ஸ்ரீதர் நால்வருக்கும் அதில் முகவரி கொடுத்திருந்தார். தினமும் காலையில் 'ஞாபகம் இருக்கா?' என்று ஒரு மெயில் போவது வழக்கம். காவிரிப் பாலத்தில் சைக்கிளை நிறுத்தி வெள்ளம் பார்த்தது, முக்கொம்பில் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு நடந்தே வந்தது, மெஸ் சாம்பாரில் முருங்கைக்காயைத் தேடியது. மத்தியானத்துக்குள் யாராவது பதில் போட்டுவிடுவார்கள். அதைப் படித்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

"நம்ம கதைய எவனோ ஒரு கம்பெனிக்காரன் ஏன் படிக்கணும்? அதான் பூட்டுப் போட்டு அனுப்புறேன்," என்பார்.

"இந்தக் கதைய எவன் திருடப் போறான்?" என்பார் மனைவி சகுந்தலா.

பார்த்தால், அந்தப் பூட்டு அசல்தான் என்று அத்தாட்சி சொல்லும் சர்டிபிகேட் காலாவதியாகியிருந்தது. ரயில் சீசன் டிக்கெட் மாதிரிதான் அதுவும். தேதி முடிந்தால் மரியாதையாக இறங்க வேண்டியதுதான். புதிது வாங்கிப் போட்டார் மனுஷர். ஆனால் அவசரத்தில் சர்வருக்கு முன்பு வைத்திருந்த பழைய பெயரில் வாங்கித் தொலைத்தார்.

"இப்ப 'இது ஆள்மாறாட்டம்'ங்குதுடா," என்றார் பாலு.

கோபத்தில் பூட்டையே கழற்றினார். பூட்டாத கடிதத்தை வாங்க மாட்டோம் என்று நண்பர்களின் கம்ப்யூட்டர்களெல்லாம் அடம்பிடித்தன.

"பேசாம வாட்ஸ்அப்புக்கு வந்துடேன்டா," என்றார் மார்ட்டின்.

"அங்க குட்மார்னிங் ரோஜாப்பூதான் மிஞ்சும். நாம அஞ்சு பேரும் காணாமப் போயிடுவோம்," என்றார் மாத்ருபூதம். அந்தப் பயம் அவருக்கு நிஜமாகவே இருந்தது. இந்த மெயிலும் நின்றுவிட்டால் தன்னை நினைக்க யாருக்கு என்ன அவசியம்?

வீம்பு ஏறியது. இருக்கிற பூட்டையெல்லாம் ஒன்றுவிடாமல் இறுக்கிப் போட்டார். சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தியவன் கதையாக, அவருடைய பாஸ்வேர்டையே சர்வர் ஏற்க மறுத்தது.

"கடைசில உங்களையே வெளிய தள்ளிடுச்சா? ரொம்ப நல்ல பூட்டுங்க," என்றார் சகுந்தலா.

நாலைந்து நாள் மல்லுக்கட்டியும் ஒன்றும் நடக்கவில்லை. ஸ்ரீதர் வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து முயன்று பார்க்கலாம் என்று சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, ஒண்ணாம் நம்பர் பஸ் பிடித்து, ஸ்ரீரங்கம் புறப்பட்டார். பாலத்தில் பஸ் மெதுவாகப் போனது. கீழே காவிரி நிறைய ஓடிக்கொண்டிருந்தது. 'ஞாபகம் இருக்கா?' என்று எழுதக் கை பரபரத்தது, எழுதத்தான் இடமில்லை.

ஸ்ரீதர் வீட்டு வாசலில் நிறையச் செருப்புகள் கிடந்தன. உள்ளே நாலு பேரும் ஒரு போனைச் சுற்றி உட்கார்ந்து காரசாரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். இவரைக் கண்டதும் மார்ட்டின் போனைத் தொடைக்கடியில் தள்ளினார். மாத்ருபூதம் அதை உருவிப் பார்த்தார். வாட்ஸ்அப் குரூப். தாஹா, மார்ட்டின், பாலு, ஸ்ரீதர். ஆரம்பித்து ஆறேழு வருஷம் ஆகியிருந்தது.

"நான் இல்லாத குரூப்பா?" என்றார் மாத்ருபூதம். "அப்ப என் மெயில் உங்களுக்கெல்லாம் தொல்லையாத்தான் இருந்திருக்கு. சொல்லியிருக்கலாமேடா."

"அப்படியெல்லாம் இல்ல மாத்ரு..." என்று இழுத்தார் ஸ்ரீதர்.

"மெயிலை நிறுத்திடறேன். சர்வரையும் தூக்கிப் போட்டுடறேன்," என்று போனை நீட்டிவிட்டு மாத்ருபூதம் வாசலுக்குத் திரும்பினார்.

காபி டம்ளரோடு வந்த ஸ்ரீதரின் மனைவி ரங்கநாயகி வழிமறித்தார்.

"நன்னாயிருக்கே அண்ணா, உங்க மெயிலுக்கு இன்னிக்கு யார் பதில் போடறதுன்னு கோயில் கைங்கர்யம் மாதிரி முறை வச்சுக்கத்தான் அந்த குரூப்பே, நீங்க பூட்டினதுல விட்டுப்போன முறை தன்னோடதுதான், அடுத்த பதில் தான்தான் போடணும்னு காலம்பறலேர்ந்து நாலு பேரும் இங்கே சண்டை போட்டுண்டிருக்கா."